நீலத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மீன் வாங்காதீர்கள்

சென்னை கொளத்தூர் பக்கம் வளர்ப்பு மீன் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைத் தொட்டியில் தண்ணீர் நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால், கடைக்காரர் என்ன காரணம் சொன்னாலும் அதிலிருந்து ஒரு மீன்கூட எடுக்காதீர்கள். அப்படி ஒரு தொட்டியிலிருந்து வந்த மோலி மீன்கள் என் அக்கா மகனின் தொட்டியைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிட்டன. அதற்குக் கடை சொன்ன வைத்தியம் மிச்சமிருந்த மீன்களிலும் பலவற்றைக் கொன்றது.

அவன் கல்லூரி முதலாம் ஆண்டு. கைக்காசு சேர்த்து வைத்த தொட்டி அது. மீன் விடுவதற்கு முன் ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரக்கணக்கில் ஓடவிட்டுத் தயார் செய்தான். அதில் விட்ட ஏஞ்சல் மீன்கள் நன்றாக இருந்தன. துணைக்குக் கருப்பு மோலி வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனான். கடையில் தண்ணீர் நீலமாக இருப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். "புது லோடு தம்பி, சேஃப்டிக்கு மருந்து போட்டிருக்கோம், தைரியமா எடுத்துட்டுப் போ" என்றார்களாம். மேலே ஊதா நிற எல்இடி வேறு. கருப்பு மீன், நீலத் தண்ணீர், ஊதா வெளிச்சம். இதில் மீனின் தோலில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கேட்டும் பில் தரவில்லை.

மறுநாளே போன். "மாமா, மோலி முதுகுல சாம்பல் பூத்த மாதிரி இருக்கு." நான் போய்ச் சேருவதற்குள் கடைக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். மீனைப் பார்க்காமலே, "ஒயிட் ஸ்பாட் தம்பி, ஹீட்டரை 32-ல வை, கவர்ல போட்டுக் கொடுத்த மருந்தை ஊத்து" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மருந்து பாட்டிலில் லேபிளே கிடையாது. உள்ளே என்ன, எத்தனை லிட்டருக்கு எத்தனை சொட்டு, எதுவும் எழுதவில்லை.

காலையில் போய்ச் சேர்ந்ததும் ஒரு மோலியை வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முதுகுத் துடுப்பின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் வயிறு நோக்கி வெளிறிய பட்டை இறங்கியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் தோலின் பளபளப்பு போய்விட்டது. உதட்டைச் சுற்றி வெண்ணிறத்தில் பிசிறு பிசிறாக ஏதோ ஒட்டியிருந்தது. செவுள் மூடி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. மீன் வளர்ப்பவர்கள் பலரும் இதைப் பார்த்ததும் 'ஃபங்கஸ்' என்பார்கள். இது பூஞ்சையும் இல்லை, ஒயிட் ஸ்பாட்டும் இல்லை. இது காலம்னாரிஸ், பாக்டீரியா நோய்.

ஒயிட் ஸ்பாட் வேறு மாதிரி இருக்கும். உடம்பிலும் துடுப்பிலும் உப்புக் கல் தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகள், தொட்டால் மேடாக இருக்கும். அது இக் என்னும் ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து தரையில் கூடு கட்டும். அதிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளிவந்து அடுத்த மீனைத் தேடும். அப்படி நீந்தும் சமயத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். வெப்பத்தைக் கூட்டினால் இந்தச் சுற்று வேகமாக முடியும் என்பதால்தான் ஒயிட் ஸ்பாட்டுக்கு ஹீட்டர். புள்ளி மறைந்துவிட்டதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தினால் சில நாளில் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வருவதும் இதனால்தான்.

காலம்னாரிஸுக்கு வெப்பம் கொண்டாட்டம். 32 டிகிரியில் அந்த பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் மீனைக் கொன்றுவிடும். அதோடு சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறையும், ஏற்கெனவே செவுள் கெட்ட மீன் மூச்சுக்குத் தவிக்கும். கடை சொன்னபடி இரவெல்லாம் ஹீட்டர் ஓடியதில் காலைக்குள் பாதி மோலிகள் போய்விட்டன. அடுத்து ஏஞ்சல்களுக்கும் பரவியது. கடைக்காரர் ஒரு போட்டோவாவது அனுப்பச் சொல்லிப் பார்த்திருந்தால் செத்துப்போன ஏஞ்சல்களாவது பிழைத்திருக்கும். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ஹீட்டரைப் பிடுங்கினேன். தண்ணீர்ப் பரப்பின் மேல் டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டோம், வெப்பம் இறங்க அது நன்றாக உதவும். கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் போட்டோம். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் அயோடின் இல்லாத கல்லுப்பைத் தனியாகக் கரைத்து, சில மணி நேர இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். மோலி உப்பைத் தாங்கும், தொட்டியின் அடியில் மேயும் கோரிடோரஸ், லோச் மீன்களுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. தினமும் குளோரின் நீக்கிய தண்ணீரால் ஒரு பகுதியை மாற்றினோம். உப்பு மட்டும் காலம்னாரிஸைக் குணமாக்காது, நோயின் வேகத்தைக் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். முற்றிய மீனுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். கடையில் சொல்வது போல டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் கொட்டினால் ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவும் சாகலாம், மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியா ஏறலாம், பிழைத்ததும் போகலாம். கடைசியில் தப்பியவை இரண்டு ஏஞ்சலும் ஒரு மோலியும்.

தண்ணீரை நீலமாக்கும் மெத்திலீன் புளூ கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும், நைட்ரைட் நச்சு பாதித்த மீனுக்கும் அது நல்ல மருந்து. தூரத்துக்கு அனுப்பும் கவரில் துளி போடுவதும் வழக்கம். மருந்து ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி விற்பனைக்கான தொட்டி இல்லை, அதுதான் என் வாதம். அந்த மீன்களை உள்ளே வைத்து, தேறிய பிறகு விற்கட்டும். அதே கொளத்தூரில் "இந்த லோடு நேத்துதான் வந்துச்சு, அடுத்த வாரம் வாங்க சார்" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். நான் அவர்களிடம்தான் வாங்குகிறேன்.

அந்தக் கடைக்கு நேரில் போனேன். செத்த மீனின் போட்டோவையும் லேபிள் இல்லாத பாட்டிலையும் காட்டினேன். "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது சார், உங்க தண்ணி சரியில்ல" என்றார். அம்மோனியா டெஸ்ட் போட்டுப் பார்த்திருந்தோம், சுழியம்தான். அதைச் சொன்னதும் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். அவருக்குப் பின்னால் அதே நீலத் தொட்டியிலிருந்து ஒரு சின்னப் பெண்ணுக்கு மோலி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அவர்கள் வாங்காமல் போனார்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்களிடம் பில் இல்லை, ஜிபே ரசீதை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம்.

கடையில் அவசரப்படாமல் நில்லுங்கள். ஒரு தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டி வேண்டாம். அடுக்குத் தொட்டிகளுக்கெல்லாம் ஒரே ஃபில்டர் என்றால் பக்கத்துத் தொட்டியும் வேண்டாம், தண்ணீர் ஒன்றுதான். துடுப்பை ஒடுக்கிக்கொண்டிருக்கிறதா, கல்லில் உடம்பை உரசுகிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் மாதிரி தொங்கினால் அது கமலானஸ் புழு. போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மேலே தங்கத் தூள் படிந்தது போலத் தெரிவது வெல்வெட் நோய், சாதாரண வெளிச்சத்தில் அது எளிதில் கண்ணில் படாது. உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை விட்டுவிடுங்கள்.

எங்கே வாங்கினாலும் நாலு வாரம் தனித் தொட்டி. பெரிய செலவில்லை, ஒரு பிளாஸ்டிக் டப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மூடி போதும். அதற்கென்று தனி வலை, தனி குழாய். காலம்னாரிஸ் ஈர வலையிலேயே அடுத்த தொட்டிக்குப் போய்விடும். கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. கையில் வெட்டுக் காயம் இருந்தால் கையுறை போடுங்கள், சில மீன் நோய்க் கிருமிகள் மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

கடந்த சில நாளில் அந்தப் பக்கம் கருப்பு மோலி வாங்கியவர்கள், இன்றைக்கே ஒன்றைப் பிடித்து வெள்ளை டப்பாவில் விட்டு முதுகைப் பாருங்கள். வெளிறிய பட்டை தெரிந்தால் முதலில் ஹீட்டரை அணையுங்கள்.