தும்பியின் தட்டில் என் சாப்பாடு: ஆறு வருட அனுபவம்

என் நாய் தும்பி என்னிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்தபோது ஒரு வயது, இப்போது ஏழு. எடை 14 கிலோ. இந்த ஆறு வருடமும் அவள் சாப்பிட்டது முழுக்கத் தாவர உணவுதான். நானும் வீகன், விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடுவதில்லை. அதனால் பலரும் கேட்பது, “நீங்க சாப்பிடுறதையே அதுக்கும் வெச்சிடலாமே?” முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு தும்பியை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தினமும் இரவு காய்கறி சூப் வைப்பேன். வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று தெரியும். அதனால் வெங்காயத் துண்டுகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதிக் காய்களைச் சாற்றோடு அவளுடைய உணவின் மேல் ஊற்றிக் கொடுப்பேன். தட்டை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே சுவர் வரைக்கும் போய்விடுவாள். மூன்று வாரம் போல இப்படி நடந்தது. அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் பாதி ஏறி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அதேபோல. கால்நடை மருத்துவர் அவளுடைய மேலுதட்டைத் தூக்கி எனக்குக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துப் போயிருந்தது. “என்னென்ன குடுக்கிறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றார். சூப் என்று சொன்னதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தத் தன்மை போகாது. நான் துண்டுகளை எடுத்துவிட்டேனே தவிர, உள்ளே இருந்தது சாற்றில் இறங்கியிருந்தது. நாய்க்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்கிறார்கள். பூனைக்கு 5 கிராமே போதும். ஒரே வேளையில் அவ்வளவு போக வேண்டும் என்றுகூட இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். அறிகுறி தெரிய சில நாள் ஆகும் என்பதால் ‘நேற்று கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று தைரியமாகத் தொடர்ந்துவிடுவோம். நான் செய்தது அதைத்தான். சூப்பை நிறுத்தி, ஈறு பழைய நிறத்துக்கு வரப் பல வாரம் பிடித்தது. அந்த நாட்களில் தினமும் காலையில் அவள் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். இன்றும் பார்க்கிறேன்.

வீகனாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ‘இறைச்சி இல்லை, பால் இல்லை, எல்லாம் செடியிலிருந்து வந்தது, அதனால் பாதுகாப்பானது’ என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் சமையலறையில் நாய்க்கு நஞ்சாகும் பொருட்களை எண்ணிப் பாருங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், காபி, மக்கடாமியா கொட்டை, ஜாதிக்காய், பச்சையாகப் பொங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் மாவு. அத்தனையும் வீகன்தான்! வீகன் வீட்டில் இவை குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கும். பால் சேர்க்காத சாக்லேட் பெரும்பாலும் கறுப்புச் சாக்லேட். நாய்க்குக் கெடுதல் செய்யும் தியோபுரோமின் அதில்தான் கூடுதல்.

திராட்சை விஷயத்திலும் ஒருமுறை பட்டிருக்கிறேன். அண்ணன் மகள் வந்திருந்தபோது, “அத்தை, தும்பிக்கும் ரெண்டு குடுத்தேன்” என்று சந்தோஷமாக வந்து சொன்னாள். உலர்திராட்சை போட்ட ஓட்ஸ் பிஸ்கட். குழந்தையைத் திட்டவில்லை, அவளையும் தும்பியையும் கூட்டிக்கொண்டு உடனே மருத்துவரிடம் கிளம்பிவிட்டோம். மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். அடுத்த மூன்று நாள் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற கருத்தைக் கால்நடை நச்சியல் நிபுணர்கள் 2021-ல்தான் முன்வைத்தார்கள். பழத்துக்குப் பழம் அந்த அமிலத்தின் அளவு மாறும். அதனால் ‘இத்தனை திராட்சை வரை பரவாயில்லை’ என்ற கணக்கே கிடையாது. புளியிலும் அதே அமிலம் நிறைய இருக்கிறது, பேக்கிங்கில் போடும் கிரீம் ஆஃப் டார்டாரிலும்தான். புளி சேர்ந்த எதையும் நான் தும்பிக்குக் காட்டுவதே இல்லை. இன்னொன்று: வீட்டிலேயே உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீர்கள். உப்பே நஞ்சாகிவிடும்.

வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தையும் படியுங்கள். சைலிட்டால் என்றோ பிர்ச் சர்க்கரை என்றோ (இரண்டும் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஒரே இனிப்பூட்டியின் பெயர்கள்) இருந்தால் நாய் இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது. அது நாயின் உடலில் இன்சுலினைத் திடீரென ஏற்றி, ரத்தச் சர்க்கரையைச் சரேலென இறக்கிவிடும். பல சமயம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே. ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் போதும், தும்பிக்கு என்றால் 1.4 கிராம். அளவு கூடினால் கல்லீரலும் போகும். சர்க்கரை இல்லாத சூயிங் கம், பற்பசை எல்லாமே எங்கள் வீட்டில் மேல் அலமாரிக்குப் போய்விட்டன.

சரி, எதைக் கொடுக்கிறேன்? தும்பி நீண்ட காலமாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுவது பூசணிக்காய், பீன்ஸ், கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெள்ளரி, விதையும் நடுத்தண்டும் நீக்கிய ஆப்பிள், புளூபெர்ரி, விதையும் தோலும் இல்லாத தர்பூசணி. எல்லாமே உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் இல்லாமல். இதில் பூசணிதான் என் முதல் தேர்வு. ஆவியில் வேகவைத்து மசித்து ஒரு கரண்டி கொடுத்தால், மலம் இறுகினாலும் இளகினாலும் சரிப்படுத்திவிடுகிறது.

கேரட்டில் ஒரு பாடம் கற்றேன். ஆரம்பத்தில் பச்சையாகத் துண்டு போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மலத்தை எடுக்கும்போது பார்த்தால், ஆரஞ்சு நிறத் துண்டுகள் நான் நறுக்கிய அதே வடிவத்தில் கிடந்தன. நாய் நம்மைப் போலத் தாடையை அசைபோட்டு அரைப்பதில்லை, கடித்து விழுங்குகிறது. அதன் எச்சிலில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியும் கிட்டத்தட்ட இல்லை. இப்போது துருவியோ வேகவைத்தோதான் கொடுக்கிறேன். பச்சைக் கேரட் என்றால் அது கடித்து விளையாட மட்டும், அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது.

பருப்பு, கொண்டைக்கடலை, டோஃபு மூன்றும் ஒத்துக்கொள்கின்றன. ஆனால் முதல் வாரம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், வயிறு உப்பிக்கொள்ளும். ராஜ்மாவை நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டில் இருந்தால் அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் நமக்கே வாந்தி வரவைக்கும், நாய்க்குக் கேட்கவே வேண்டாம். முளைவிட்ட, பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு கூடாது. மாங்கொட்டை, அவகாடோ கொட்டை, மக்காச்சோளத் தண்டு மூன்றும் குடலை அடைத்துவிடும். அவகாடோ சதை கொஞ்சம் போனால் நாய்க்குப் பெரிய ஆபத்து இல்லை என்றாலும் கொழுப்பு அதிகம். பறவைகளுக்கும் முயலுக்கும் அது உயிருக்கே ஆபத்து.

அளவையும் சொல்ல வேண்டும். தும்பிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 800 கலோரி தேவை. தின்பண்டம் எல்லாம் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. ஆக 80 கலோரி. நடுத்தர வாழைப்பழம் ஒன்றே 100 கலோரிக்கு மேல். ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் 90-ஐத் தாண்டும். நூறு கிராம் கேரட்டோ 40 சொச்சம்தான். இந்தக் கணக்கைப் போட்ட அன்றே சின்னத் தராசு ஒன்றை வாங்கிவிட்டேன்.

மீதி 90 சதவீதம்தான் அவளைக் காப்பாற்றி வருகிறது. அது, செல்லப்பிராணி உணவுக்கு அளவுகோல் வகுக்கும் ஏஏஎஃப்சிஓ (அமெரிக்கா) அல்லது ஃபெடியாஃப் (ஐரோப்பா) அமைப்பின் அளவுகோலின்படி, முழுமையான ஊட்டச்சத்தோடு தயாரான தாவர நாய் உணவு. டாரின், எல்-கார்னிடின், மெத்தியோனின், பி12, வைட்டமின் டி போன்ற சத்துகள் எல்லாம் சேர்க்கப்பட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் அதிகம் என்று 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் நாய்க்குத் தாவர உணவில் வாழ வழி இருக்கிறது. ஆனால் வீட்டுச் சோற்றையும் பருப்பையும் மட்டும் போட்டு அந்த வழியில் போக முடியாது. வருடம் ஒருமுறை ரத்தம், இதய ஸ்கேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர். தாவர உணவில் சிறுநீரின் காரத்தன்மை கூடி ஸ்ட்ருவைட் என்ற வகைச் சிறுநீர்க் கல் வர வாய்ப்பு உண்டு, அதனால் இதைத் தள்ளிப்போடுவதே இல்லை.

பூனை இருக்கிறதா? என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன், பூனைக்கு நான் இதைச் செய்ய மாட்டேன். நாய் தன் டாரினைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பூனையால் போதுமான அளவு முடியாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் வீங்கும். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றவும் அதற்குத் தெரியாது. அதன் உடம்பு அப்படி.

கடைசியாகப் பஞ்சு. எங்கள் முயல், பிறவி வீகன். அவனுக்கு எதுவும் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அவனுக்கு முக்கால் பங்குக்கு மேல் உலர் புல்தான், கூடவே கொஞ்சம் கீரை. கேரட்டும் பழமும் சர்க்கரை என்பதால் ஒரு தேக்கரண்டி, அதுவும் எப்போதாவது. ரொட்டியும் பிஸ்கட்டும் கிடையவே கிடையாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. தவறானது உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. குடல் இயங்காமல் நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகிவிடும்.

இப்போது என் சமையல் வரிசையே மாறிவிட்டது. முதலில் கேரட், பீன்ஸ், பூசணி. அதில் தும்பியின் பங்கை எடை போட்டுச் சின்னக் கிண்ணத்தில் வைத்து மூடிவிடுவேன். அதற்குப் பிறகுதான் இன்னொரு பலகை, இன்னொரு கத்தி, வெங்காயம். மூடி சத்தம் கேட்டதும் தும்பி எழுந்து வந்து என் காலில் சாய்ந்துகொள்வாள்.