உட்கார்ந்த வேலைக்குள் நடமாட்டம்: நீண்ட நாள் நிற்பது எது, நின்றுபோவது எது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சீசன் வந்துவிட்டால் டெய்லருக்கு ஒன்றரை ஷிப்ட். அத்தனையும் உட்கார்ந்தே. அவரிடம் "காலையில் ஒரு மணி நேரம் நடங்க" என்று சொன்னால் சில வாரம்தான் ஓடும். வருஷக்கணக்கில் நிற்பது, எப்படியும் செய்தாக வேண்டிய வேலையோடு ஒட்டிக்கொண்ட நடமாட்டம்தான். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிஷம் செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிஷம் என்ற கணக்கில் துண்டு துண்டாகச் செய்வதும் சேரும்.

சிங்கர் மெஷினில் தைக்கும் டெய்லருக்கு வசதியானது பாபின், அதாவது அடிநூல் சுற்றிய சின்ன உருளை. நூல் தீர்ந்து மாற்றும்போதெல்லாம் எழுந்து, டேபிள் ஓரத்தைப் பிடித்தபடி குதிகாலை 10 முறை தூக்கி மெதுவாக இறக்குங்கள். அரை நிமிஷ வேலை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு, போவது அந்த அரை நிமிஷம் மட்டும்தான். கெண்டைக்கால் தசை இறுகித் தளரும்போது காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளும். டக்கென்று குதித்து இறக்கினால் குதிகால் வலிதான் மிஞ்சும். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் பாபின் இல்லை. அங்கே ஹெல்பருக்குக் காத்திராமல் அடுத்த பண்டலை நீங்களே எழுந்து போய் எடுங்கள்.

மாடிப்படியில் பாதம் முழுதாகப் பதிய வேண்டும். நுனிக்காலில் ஏறினால் கெண்டை பிடித்துக்கொள்ளும். முட்டிக்குப் பாரம் கூடுவது இறங்கும்போது; வலி இருப்பவர்கள் ஏறிவிட்டு லிப்டில் இறங்கலாம். சென்னிமலை முருகன் கோயிலின் 1,320 படிகளைத் தினசரிப் பயிற்சி ஆக்க வேண்டியதில்லை. எப்போதாவது ஏறும்போது எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று அது ஓரளவு சொல்லும். இறங்க வண்டி போகும் மலைப்பாதை இருக்கிறது.

நடக்கும் அடியை எண்ணும் கைப்பட்டையின் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி ஓட்டினால் நடக்காத அடியும் ஏறும். இரண்டு கையிலும் பை தூக்கிச் சந்தையிலிருந்து வந்தால் நடந்த அடியும் விடுபடும். 100 அடியை வாயால் எண்ணி நடந்து, கருவி எவ்வளவு காட்டுகிறது என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். 10,000 அடி என்பது 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்கப் பயன்பட்ட எண். மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. உங்கள் இப்போதைய சராசரிக்கு மேல் 1,000 சேர்த்து, அது பழகிய பிறகு அடுத்த 1,000 போங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிஷ நடை, சாப்பிட்டதும் ஏறும் ரத்தச் சர்க்கரையை மட்டுப்படுத்தும். சர்க்கரை உள்ள வீடுகளில் முதலில் இதையே பிடித்துக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பையில் குளுக்கோஸோடு போக வேண்டும். இந்த நடை அறுபடுவது பெரும்பாலும் ஆடிக் காற்றில். பல்லடம், உடுமலைப் பக்கம் பொழுதோட வீசும் புழுதியில் ரோட்டில் நடக்க முடியாது. அந்த மாதங்களுக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கலாம், அல்லது கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காரலாம். மாற்று ஏற்பாடு ஆனியிலேயே தயாராக இல்லாவிட்டால், ஆடியில் விட்ட நடை ஆவணியிலும் திரும்பாது.

செலவு என்றால் செருப்பு ஒன்றுதான். குதிகால் பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீரென்றால் அடியைக் குறைத்து, மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். சில வாரத்தில் அடங்காவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.