ஈகிளா, கீகேடா? பழைய போர்டைத் திறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள்

ஈகிள், கீகேட் இரண்டும் மின்னணு சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் மென்பொருள்கள். பல வருடம் ஈகிளில் போர்டு வரைந்த நான் இப்போது முழுசாக கீகேடுக்கு வந்துவிட்டேன். ஸ்கீமேட்டிக் (சுற்று வரைபடம்) போடுவது, டிராக் (செம்பு இணைப்புக் கோடு) இழுப்பது, கெர்பர் (போர்டு தயாரிப்பவருக்கு அனுப்பும் ஃபைல்) எடுப்பது எல்லாம் இரண்டிலும் நன்றாகவே நடக்கும். ஈகிளின் இலவசப் பதிப்பில் 2 லேயர் (செம்பு அடுக்கு), 80 சதுர சென்டிமீட்டர் என்று வரம்பு உண்டு. கீகேடில் அது இல்லை.

என்னை மாற்றியது வேறு விஷயம். போர்டு ஓடத் தொடங்கியதும் வேலை முடிவதில்லை. சில வருடம் கழித்து அதிலுள்ள ரெகுலேட்டர் ஐசியின் (மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சிப்) உற்பத்தியே நின்றுபோகும். மாற்று ஐசிக்கு கால்கள் வேறு வரிசையில் இருக்கும். அன்று பழைய ஃபைலைத் திறந்தே ஆக வேண்டும்.

1988-இல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் கொண்டுவந்த ஈகிளை ஒருமுறை வாங்கினால் போதுமாக இருந்தது. 2016-இல் அது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போனது, 2017-இல் சந்தாவுக்கு மாறியது. 2026 ஜூன் 7-ஓடு விற்பனையும் ஆதரவும் நின்றுவிடும், இனி தங்களின் இன்னொரு மென்பொருளான ஃப்யூஷன்தான் என்று 2023-இல் அறிவித்தார்கள்.

கீகேடை 1992-இல் பிரான்ஸில் ழான்-பியர் ஷரா தொடங்கினார். பிறகு ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னும் கைகொடுத்தது. குறுக்கே நிற்கும் டிராக்குகளைத் தள்ளிக்கொண்டு வழி போடும் ரவுட்டர் அவர்கள் தந்ததுதான். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. போர்டு ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு டிராக்கும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் 0.25 மி.மீ., எந்த லேயர் என்று கண்ணாலேயே படிக்கலாம். ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் போட்டால் நேற்று எது மாறியது என்பது வரிவரியாகத் தெரியும்.

ஈகிளுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அதன் 6-ஆம் பதிப்பு எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவ ஃபைலுக்கு மாறியதால்தான் என் பழைய போர்டுகள் கீகேடில் இறங்கின. காப்பர் ஏரியாக்களை மறுபடி நிரப்பி, டிஆர்சி (வடிவமைப்பு விதிகள் மீறப்பட்டதா என்ற சோதனை) ஓட்டி, கெர்பரைப் பழையதோடு ஒப்பிட ஒரு போர்டுக்கு அரை நாள் ஆனது.

கீகேடிலும் ஒரு சங்கடம் உண்டு: புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. குழுவில் எல்லோரும் ஒரே பதிப்பில் இருப்பது நல்லது.

இன்னொரு போர்டு மென்பொருளான அல்டியம்? நான் 4 லேயரைத் தாண்டியதில்லை. அதிவேக மெமரி, 12 லேயர் என்று போகிறவர்கள் அதைத் தினமும் ஓட்டுபவரிடம் கேட்பதே சரி.

ஈகிளின் 6-ஆம் பதிப்புக்கு முந்தைய ஃபைல்கள் வைத்திருந்தால், அவை பைனரி, அதாவது நோட்பேடில் படிக்க முடியாத வடிவம். கையில் ஈகிள் ஓடும்போதே திறந்து, புதிய எக்ஸ்எம்எல் வடிவில் சேமித்துவிடுங்கள்.