லயத்துத் தோட்டத்துக்குச் சோளமா, பூசணியா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளை போல 1,200 மீற்றரை ஒட்டிய உயரத்தில், லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) பின்பக்கம் கிடக்கும் சின்னத் துண்டில் எதைப் போடுவது? மண் கொத்துவதும் சாணம் போடுவதும் இரண்டுக்கும் ஒன்றுதான். பூதான் வேறு. சோளம் (மக்காச்சோளம்) காற்றை நம்பிப் பூக்கிறது, பூசணி தேனீயை நம்பிப் பூக்கிறது. இடம் சிறிதென்றால் என் தெரிவு பூசணிதான்.

சோளத்தின் ஆண்பூ உச்சியில் இருக்கும். இதழ் இல்லை, தேன் இல்லை, வாசமும் இல்லை. ஒட்டாத, லேசான மகரந்தத்தை லட்சக்கணக்கில் கொட்டும். கீழே கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் படாத இழை இருந்தால், பல் விழுந்த வாய் மாதிரி அந்த இடம் காலியாகிவிடும். வேலியோரம் ஒரே வரிசையாக நட்டால் பாதி மகரந்தம் தேயிலைக்குள் போய்விடும். குறைந்தது நான்கு வரிசை, சதுரமாக, வரிசைக்கு 60 சென்ரிமீற்றரும் செடிக்கு 30 சென்ரிமீற்றரும் விட்டு நட வேண்டும். மகரந்தம் கொட்டுவது ஏறக்குறைய ஒரு வாரம். ஹட்டன் பக்கம் ஜூன் மழையில் அந்த வாரம் மாட்டினால், ஈரத்தில் மகரந்தப்பை திறக்காது.

பூசணிக்கும் மழை ஆகாதுதான். தேனீ வெளியே வராது. விடியலில் விரிந்த பூவோ மதியத்துக்கு முன் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. ஆனால் தேனீயின் வேலையை நம் கையாலேயே செய்து முடிக்கலாம். எனக்கு இதுதான் தீர்மானமான காரணம். பூசணி மகரந்தம் பெரியது, ஒட்டும், காற்றில் பறக்காது. தொட்டால் விரலில் மஞ்சளாக நிற்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண்பூ மட்டும் வரும், கொடி மலடு என்று பிடுங்கிவிடாதீர்கள். பூவுக்கடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண்பூ.

மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி முதல்நாள் மாலையிலேயே மஞ்சளாகும். ஆண், பெண் இரண்டின் நுனியையும் நூலால் லேசாகக் கட்டிவிட்டால் உள்ளே நனையாது. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, மகரந்தம் உள்ள நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவே மகரந்தம் ஏற்கும் குறியில் தடவுங்கள். குறி மூன்று பிளவாக இருக்கும். மூன்றிலும் பட வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டால் அந்தப் பக்கம் விதை குறைந்து காய் கோணலாகும். தடவியதும் பெண்பூவைத் திரும்பக் கட்டிவிடுங்கள்.

சேர்க்கை நடக்காத பிஞ்சு சில நாளில் மஞ்சளாகிச் சுருங்கும். துளை விழுந்து உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. மகரந்தத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மருந்து அடிப்பதானால் பூ மூடிய பிறகு, மாலையில். காலையில் அடித்தால் தேனீதான் சாகும்.

சோளத்துக்கும் கையால் செய்யலாம்: பனி காய்ந்ததும் உச்சிப்பூவை வெட்டி இழைமேல் உதறினால் போதும். ஆனால் இழைகள் ஒரே நாளில் வெளிவருவதில்லை, அதனால் கதிர் கதிராக நாலைந்து காலை உதற வேண்டும். பூசணிக்கு ஒரு பூ, ஒரு காலை.

பூசணிக் கொடி ஊர்ந்து இடம் பிடிக்கும் என்பது உண்மை. வேலியிலோ கரையிலோ ஏற்றிவிடலாம். சதுரமான இடமும் தண்ணீரும் இருக்கும் வெலிமடைப் பக்கத்தார், ஜூன், ஜூலைக் காய்ந்த காற்றில் சோளத்தைத் தாராளமாகப் போடலாம். நுவரெலியாக் குளிரில் பூசணி மந்தம்; இந்தக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது.