வழவழப்பைக் கண்டறிய ஒரு ஃபூக்கோ சோதனைக் கருவி

தொலைநோக்கியில் ஒளியைக் குவிக்கும் 6 அங்குலக் குழிவுக் கண்ணாடியைக் கையால் தேய்த்து வரும் நான், இணையத்தில் வாங்கிய சிறிய ஃபூக்கோ சோதனைக் கருவியைத் திருகோணமலை உவர்மலையிலுள்ள வீட்டில் பயன்படுத்துகிறேன். பிரெஞ்சு இயற்பியலாளர் லெயோன் ஃபூக்கோ 1858 இல் வகுத்த முறைப்படி, குவியத்தூரத்தின் இரு மடங்கிலுள்ள வளைவு மையத்தில் ஒளிமுனையையும் (புள்ளி போன்ற சிறு விளக்கு) சவர அலகையும் வைத்து, திரும்பி வரும் ஒளியை மெல்ல மறைத்தால், ஒளியலை நீளத்தின் சிறு பங்கேயான மேடு பள்ளங்களும் நிழலாகத் தெரியும்.

இதன் ஒளிமுனை மிக நேர்த்தியானது. வெறுங்கண்ணுக்குப் பளிங்காய்த் தெரிந்த பரப்பில், தோடம்பழத் தோல் போன்ற சொரசொரப்பை அது தெளிவாகக் காட்டியது. மெருகேற்றப் பயன்படும் தார் பூசிய தட்டை வெந்நீரில் இளக்கி, கண்ணாடியின்மேல் மறுபடி அழுத்திப் படியவைத்து, சீரியம் ஒட்சைட்டு என்ற மெருகுத் தூளை ஐதாகக் கரைத்து நிதானமாகத் தேய்த்த பின்னரே, கோள வடிவிலிருந்த அப்பரப்பு ஒரே சாம்பல் நிறமாகச் சமப்பட்டது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடி நன்கு ஆறிய பின் சோதிப்பது அவசியம். நெளிந்து நகரும் நிழல்கள் அறையின் காற்றால் வருபவை, அவற்றைப் பரப்பின் குறையென்று எண்ணி மேலும் தேய்க்கக் கூடாது.

அலகை நகர்த்தும் திருகு தளர்வாக இருப்பதால், கண்ணாடிக்கு இறுதியில் தர வேண்டிய பரவளைய வடிவை (கோளத்திலிருந்து சற்றே மாறிய வளைவை) அளவிட இக்கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வழவழப்பைப் பார்க்க மட்டுமெனில் தாராளமாக வாங்கலாம்.