சின்னக் கடைக்கு எந்த எஸ்எஸ்எல்? இலவசமா, காசு கொடுத்தா?

இணையத்தளத்துக்கு எஸ்எஸ்எல் (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மறைத்து அனுப்ப உதவும் சான்றிதழ்) வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு 2018 ஜூலையோடு முடிந்துவிட்டது. அந்த மாதம் வந்த குரோம் உலாவியின் 68-ஆம் பதிப்பு, சான்றிதழ் இல்லாத தளங்களுக்கெல்லாம் ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிக்கு முன்னாலேயே எழுத ஆரம்பித்தது. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா துணிக்கடையாக இருந்தாலும் சரி, பிரிக்பீல்ட்ஸ் மாலைக்கடையாக இருந்தாலும் சரி, அதைப் பார்த்தவர் ஆர்டர் போடத் தயங்குவார். மிச்சமிருப்பது எதை வாங்குவது என்ற கேள்விதான்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தகவலை மறைத்து அனுப்பும் வேலையில் இலவசத்துக்கும் விலை கொடுத்ததற்கும் வித்தியாசம் இல்லை. காசு போவது வேறு விஷயங்களுக்கு.

இலவசம் என்றால் பெரும்பாலும் லெட்ஸ் என்கிரிப்ட். லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாள். சீபேனல் என்ற நிர்வாக மென்பொருள் உள்ள ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) ‘ஆட்டோ எஸ்எஸ்எல்’ இருந்தால் அது தானாகவே போட்டு, தானாகவே புதுப்பிக்கும். ஆனால் புதுப்பிப்பு எங்காவது சிக்கிக்கொண்டால் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. அதனால் ஹோஸ்டிங் எடுக்கும்போதே, “தானாகப் புதுப்பிக்குமா, தவறினால் யார் பார்ப்பீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள்.

பார்ப்பவருக்கும் உங்கள் சர்வருக்கும் (தளம் இருக்கும் கணினி) நடுவில் நிற்கும் சேவையான கிளவுட்ஃபிளேர் இன்னொரு இலவச வழி. ஹோஸ்டிங் பழசாக இருந்தாலும் ஓடும், அதுதான் கவர்ச்சி. கவனிக்க வேண்டியது ‘ஃபிளெக்சிபிள்’ என்ற அமைப்பை. அதில் வாடிக்கையாளரிடமிருந்து கிளவுட்ஃபிளேர் வரைதான் மறைவு. அங்கிருந்து உங்கள் சர்வர் வரை எல்லாம் திறந்தபடி போகும். பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ வைத்தால்தான் முழுப் பாதுகாப்பு, அதற்கு உங்கள் சர்வரிலும் ஒரு சான்றிதழ் வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் சாதாரண டிவி (DV) ரகம், டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) உங்களுடையதா என்று மட்டும் பார்ப்பது. இலவசத்திலும் இதே சோதனைதான். சின்னக் கடைக்கு இது தண்டச் செலவு என்பேன்.

நிறுவனத்தையே சரிபார்க்கும் ஓவி (OV), அதைவிடக் கடுமையாகச் சரிபார்க்கும் இவி (EV) ரகங்களின் கதை வேறு. எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவைச் சரிபார்ப்பார்கள், தாங்களாகத் தேடி எடுத்த தொலைபேசி எண்ணுக்கு அழைப்பார்கள். பதிவு ஒரு பெயரிலும் பெயர்ப்பலகை இன்னொரு பெயரிலும் இருக்கும் கடைகள் நம்மிடையே ஏராளம், இழுபறி அங்கேதான். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது என்ன? முன்பு இவி வாங்கினால் நிறுவனத்தின் பெயரே முகவரிப் பட்டையில் தெரியும். 2019-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை எடுத்துவிட்டன. 2023-இல் குரோம் கணினித் திரையில் பூட்டுப் படத்தையே மாற்றிவிட்டது. இப்போது பெயரைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் குறியைத் தட்டி, சான்றிதழைத் திறந்து, ‘நிறுவனம்’ என்ற வரியைத் தேட வேண்டும். டிவி ரகத்தில் அந்த இடம் காலி. தீபாவளிக்குப் புடவை வாங்க வந்தவர் யார் அதைத் திறக்கப்போகிறார்? பெரிய நிறுவனமோ வங்கியோ தன் சப்ளையரிடம் ஓவி கட்டாயம் என்று கேட்டால் வாங்குங்கள், அதுவரை வேண்டாம். எஃப்பிஎக்ஸில் (வங்கிக் கணக்கிலிருந்து இணையத்தில் நேரடியாகப் பணம் கட்டும் மலேசிய முறை) பணம் கட்டுபவர் எப்படியும் வங்கியின் பக்கத்துக்குத்தான் போகிறார்.

காசுச் சான்றிதழ் விற்பவர்களின் ‘ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை’ என்ற வாதமும் தேய்ந்துகொண்டு வருகிறது. சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. வருஷச் சந்தா கட்டினாலும் நடுவில் மாற்றி நிறுவியே ஆக வேண்டும். கையால் செய்வதென்றால் அந்த வேலைக்கும் யாராவது கூலி கேட்பார்கள்.

என் தேர்வு, தானாகப் புதுப்பிக்கும் ஹோஸ்டிங்கோடு வரும் இலவசச் சான்றிதழ். போட்டு முடித்ததும் முகவரியை ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை கைப்பேசியில் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வந்தால், சான்றிதழில் அந்தப் பெயர் சேரவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், சேர்க்கச் சொல்லுங்கள்.