மத்தியானம் இரண்டு மணிக்கு விடிகிற ஊர்

கூடப் படித்தவன் ஒருவன் போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மச்சான், போக்கிமோன் கோல்ட், பழைய கசெற், ஒரிஜினல். ஒருத்தன் விக்கிறான். வாங்கட்டோ?" அவன் கேட்டது, கேம் போய் என்கிற கைக்கருவியில் செருகி விளையாடுகிற ஒரு பழைய வீடியோ கேமைப் பற்றி. வாங்காதே என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன். "நீ மட்டும் வச்சிருக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்குப் பதில் எழுத வெளிக்கிட்டு இவ்வளவு நீண்டுவிட்டது.

என்னுடையது 2003 ஓகஸ்ட்டில் வந்தது. போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு வந்த இரண்டாவது நல்லூர்த் திருவிழா அது. கனடாவிலிருந்து மாமா குடும்பம் வந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் நின்றார்கள். மச்சானுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. அவன் கையில் ஊதா நிறக் கேம் போய் கலர், அதன் முதுகில் பொன் நிறத்தில் மினுங்குகிற கசெற். திரும்பிப் போகிற அன்று, "நீயே வச்சிரு" என்று தந்துவிட்டான். அங்கே போனதும் புதிது வாங்கித் தருவதாக மாமா சொல்லியிருந்தார்.

251 பிராணிகளைப் பிடித்துச் சண்டைக்கு விடுவது, ஜிம் என்கிற சண்டைக்கூடங்களில் வென்று 16 பட்ஜ் எடுப்பது, ஜோட்டோ என்கிற நாடு முடிந்தால் கான்டோ என்பதெல்லாம் இதை வாசிக்க வருகிற உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது கசெற்றுக்குள் இருக்கிற மணிக்கூட்டைப் பற்றி.

1999இல் ஜப்பானில் வந்தபோது இந்த விளையாட்டின் பெரிய புதுமை அதுதான். வெளியே இரவென்றால் உள்ளேயும் இரவு. 4 மணி தொடக்கம் 10 வரை காலை, 10இலிருந்து பின்னேரம் 6 வரை பகல், பிறகு இருட்டு. ஹூட்ஹூட் என்கிற ஆந்தை புல்லுக்குள் இரவில்தான் அகப்படும். செவ்வாய், வியாழன், சனியில் பூச்சி பிடிக்கிற போட்டி. வெள்ளிக்கிழமை மட்டும் யூனியன் குகையின் அடித்தளத்தில் லாப்ராஸ் என்கிற பிராணி நிற்கும். நீங்கள் அணைத்து வைத்துவிட்டு ரியூசனுக்குப் போனாலும் உள்ளே நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மச்சானின் கசெற்றில் ஓடியது டொராண்டோ நேரம்.

எங்கள் வீட்டில் அப்போது ஏற்கெனவே இரண்டு நேரம் இருந்தது. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம்தான். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே பழைய நேரத்துக்குத்தான் சாப்பிடுவார், பழைய நேரத்துக்குத்தான் படுப்பார். யாராவது நேரம் சொன்னால் "பழசோ புதுசோ?" என்று கேட்பது வழக்கம். கேம் போய் வந்ததும் மூன்றாவது நேரம் ஒன்று சேர்ந்தது. டொராண்டோவுக்கும் எங்களுக்கும் அந்தக் கோடையில் சரியாகப் பத்து மணித்தியாலம். ஆக, ஜோட்டோவில் மத்தியானம் இரண்டு மணிக்கு விடியும். இரவு எட்டு மணிக்குத்தான் பகல் தொடங்கும். எங்களுக்கு உச்சி வெயில் எரிக்கும்போது உள்ளே ஊர் முழுக்க இருட்டு, ஆந்தை கூவும்.

கேம் போய் கலரின் திரைக்கு உள்விளக்கு இல்லை. விறாந்தையில் வெளிச்சம் விழுகிற பக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டு, வெயிலில் இருந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். பகலில் வருகிற பிராணிகள் வேண்டுமென்றால் இராச்சாப்பாடு முடிந்து, ரியூப் லைற்றுக்குக் கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு பிடிக்க வேண்டும். நேரத்தைத் திருத்துகிற வழி எங்களுக்குத் தெரியாது. புதிதாகத் தொடங்கினால் நேரம் கேட்கும், ஆனால் சேவ் பண்ண இருப்பது ஒரே இடம். மச்சானின் விளையாட்டை அழித்தால்தான் என்னுடைய நேரம் வரும். அதற்கு மனம் வரவில்லை. அவன் போன பிறகும் ஒன்பது வருடம் அந்த நேரத்தோடேயே இழுபட்டேன். இன்னுமொன்று: குளிர்காலத்துக்கு டொராண்டோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள், கசெற்றுக்கு அது தெரியாது. 2006 ஏப்ரலில் இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்பியது, அதுவும் தெரியாது. உள்ளே எப்போதும் கனடாவின் ஓகஸ்ட்தான். சரி, இதைக் குறையென்று சொல்லித் தொடங்கினேன், பிடித்த விஷயமாக மாறிக்கொண்டு போகிறது.

பேர் வைத்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு பேருக்குப் பத்து எழுத்து, எல்லாம் ஆங்கில எழுத்து. முதுகில் நெருப்பு எரிகிற சிண்டாக்குவிலுக்கு நாங்கள் வைத்த பேர் அடுப்பு. ஆந்தைக்கு அம்மம்மா. பால் தருகிற மில்டாங் பின்னர் கிடைத்தபோது லட்சுமி. அந்த மாட்டைப் பற்றி ஊரறியும். கோல்டன்ராட் ஜிம்மில் அதன் தலைவி விட்னியின் மில்டாங் உருண்டு உருண்டு வரும், ஒவ்வொரு உருளலுக்கும் அடி இரண்டு மடங்காகும், சாகிற நேரம் பாலைக் குடித்து எழும்பிவிடும். மச்சான் கனடாவிலேயே அதில் முட்டுப்பட்டு நின்றவன். அதே ஊர்க் கடைத்தொகுதியில் டிரௌசி என்கிற பிராணியைக் கொடுத்தால் ஒருவர் அந்த மாட்டை அடிக்கக்கூடிய மச்சாப்பைத் தருவார் என்பதை எங்கள் விறாந்தையில்தான் கண்டுபிடித்தோம். தோற்ற பிறகு விட்னி பட்ஜைத் தராமல் நின்று அழுவாள். "எங்கட தங்கச்சி மாதிரி" என்று மச்சான் சொன்னதற்குத் தங்கச்சி இரண்டு நாள் பேசவில்லை.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் நல்லது. கெட்டவர்கள் ஸ்லோபோக் என்கிற பிராணியின் வாலை வெட்டி விற்கிறார்கள், அவ்வளவு பாவம்தான் அந்த உலகத்தில். வழியில் ஒருவர் அந்த வாலை ஒரு மில்லியனுக்கு வாங்கச் சொல்லி நிற்பார். உங்கள் கைக்காசு எவ்வளவு கூடினாலும் 999,999ஐத் தாண்டாது. இந்தக் கணக்கு விளங்கிய அன்று தனியே இருந்து சிரித்தேன்.

மச்சான் கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். ஊர் மாறுகிற சில இடங்களில் ஒரு சின்னக் கட்டடம் வரும். உள்ளே சீருடையில் ஒருவர் நிற்பார். முதல் தடவை அதற்குள் போனபோது என் கை நின்றுவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கிட்டப் போய்க் கதைத்தால் அந்தப் பக்கத்தில் பூங்கா இருக்கிறது, அது இருக்கிறது என்று சொல்லுவார். பத்து வயதுப் பொடியன் முதுகில் பையோடு போகிறான், அடையாள அட்டை இல்லை, பையைத் திற என்று இல்லை. அதே மாதம்தான் மாமாவைக் கூட்டிவர அப்பாவோடு முகமாலைச் சோதனைச்சாவடி வரை போயிருந்தேன்.

ஆங்கிலம் அப்போது எனக்குப் பெரிதாக ஓடாது. மச்சான் இருந்தவரை அவன் வாசித்துச் சொன்னான். பிறகு அப்பாவின் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தட்டித் தடவிப் போனேன். 16 பட்ஜும் எடுத்து, வெள்ளி மலையின் குகைக்குள் ரெட் என்கிற கடைசி எதிராளியைச் சந்தித்தபோது, இவ்வளவு பெரிய ஆள் என்ன சொல்லப்போகிறார் என்று அகராதியை ஆயத்தமாக எடுத்து வைத்தேன். அவர் சொன்னது மூன்று புள்ளி. அவ்வளவுதான். 81ஆம் நிலை பிக்காச்சு முன்னால் வந்து நின்றது. முழு விளையாட்டிலும் அவர் ஒருவர் சொன்னதுதான் எனக்குச் சொல்லுக்குச் சொல் விளங்கியது.

இனி, கோபம்.

அந்த மணிக்கூடு ஓடுவது கசெற்றுக்குள் இருக்கிற ஒரு காசு வடிவப் பற்றரியில். சேவ் பண்ணியது அழியாமல் இருப்பதும் அதே பற்றரியில்தான். இதற்கு முந்தைய விளையாட்டுகளான ரெட், புளூவின் கசெற்றுகளிலும் பற்றரி உண்டு, ஆனால் அதற்குச் சேவ் பண்ணியதைக் காப்பாற்றுகிற வேலை மட்டும்தான். கோல்டில் இரவு பகலாக மணிக்கூட்டையும் ஓட்ட வேண்டும், அதனால் சீக்கிரம் இறங்கிவிடும். இந்த விளையாட்டின் அழகு எதுவோ அதுவேதான் அதைத் தின்கிறது. 2012இல் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். தொடரும் என்ற தெரிவே திரையில் இல்லை. புதிய விளையாட்டு என்று மட்டும் நின்றது. அடுப்பு, லட்சுமி, அம்மம்மா, எல்லாம் போய்விட்டன.

வெளியே போடுகிற பென்ரோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து, கடிச்சுப் பார்த்து, இன்னும் அரை மணித்தியாலம் இழுத்தெடுத்த வீடு எங்களுடையது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பழகிய கை. உள்ளே இன்னொரு பற்றரி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் காப்பாற்றியிருப்பேன். வேறொரு பற்றரியைப் பக்கத்தில் இணைத்துப் பிடித்துக்கொண்டு மாற்றினால் சேவ் அழியாதாம். பிறகு அறிந்து என்ன பலன்?

2019இல் பற்றரி மாற்ற நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். கசெற்றின் திருகாணிக்குச் சாதாரண ஸ்குரூ றைவர் போகாது, 3.8 மில்லிமீற்றர் தனிச் சாவி வேண்டும். அது அவர்களிடம் இல்லை. குறட்டால் கிள்ளித் திறந்ததில் பொன் நிறம் ஒரு மூலையில் உரிந்துவிட்டது. பரவாயில்லை. ஆனால் பற்றரியை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? சரியான பற்றரிக்கு இரண்டு பக்கமும் தகட்டுக் கால் ஒட்டியிருக்கும், அந்தக் காலைத்தான் போர்ட்டில் ஈயம் வைத்துப் பிடிக்க வேண்டும். இவர்கள் காலில்லாத பற்றரியை வாங்கி, அதன் முதுகிலேயே சூட்டுக்கோலை அழுத்தியிருக்கிறார்கள். சூடு ஏறினால் அந்தப் பற்றரி கெட்டுப்போகும். நாலு மாதத்தில் செத்தது. திரும்பக் கொண்டுபோனபோது, "இது சின்னப்பிள்ளையளின்ர சாமான்தானே" என்று ஒரு சிரிப்பு. காசு வாங்கும்போது அந்தச் சிரிப்பு இருக்கவில்லை.

அந்த நாலு மாதமும் இலங்கை நேரம் வைத்துத்தான் விளையாடினேன். தொடக்கத்தில் வீட்டில் நிற்கிற அம்மா, கோடைக்காக மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுகிற கோடைகால நேரம் நடக்கிறதா என்று கேட்பார். யாழ்ப்பாணத்தில் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? இங்கே வருடம் முழுக்க ஒரே நேரம்தான். இல்லை என்று அழுத்தினேன். காலையில் காலை, இரவில் இரவு, எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாதியில் சப்பென்று போய்விட்டது. பற்றரி செத்தபோது, உண்மையைச் சொன்னால், பெரிதாக வலிக்கவில்லை.

மற்றக் குறைகளைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். பையின் சாமான் அறையில் 20 வகைக்கு மேல் இடமில்லை. பிடித்த பிராணிகளைப் போட்டு வைக்கிற பெட்டி நிறைந்தால் நீங்களே போய் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் அரிய பிராணி முன்னால் நிற்கும்போது பந்து எறிய விடாது. ஹவுண்டோர், மர்க்குரோ போன்ற புதுப் பிராணிகளை ஜோட்டோவில் காட்டாமல் கான்டோவுக்கு ஒளித்து வைத்திருக்கிறார்கள், கதை பாதி முடிந்த பிறகு யாருக்கு வேண்டும்? காஸ்ட்லி என்கிற பேயின் பரம்பரையை முழுசாகப் பார்க்க இன்னொருவரோடு கேபிள் போட்டு மாற்ற வேண்டும். எங்கள் பகுதியில் இன்னொரு கேம் போய் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஒன்பது வருடமும் என்னிடம் இருந்தது ஹோண்டர்தான், கெங்கார் ஆகவில்லை. ஜோயி என்கிற பொடியன் தன் எலியைப் பற்றி ஓயாமல் போன் எடுப்பதை மட்டும் மன்னித்துவிட்டேன், வேறு ஒருவரும் எடுக்காத காலங்கள் இருந்தன.

போனில் எமுலேட்டர் என்கிற செயலியில் விளையாடலாமே என்பீர்கள். விளையாடலாம். 2009இல் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் என்று அழகாகத் திருப்பிச் செய்தார்கள், 2017இல் பழையதையே 3டிஎஸ் என்கிற பிந்தைய கருவிக்கும் விட்டார்கள் (அந்த விற்பனை 2023இல் நின்றுவிட்டது). புத்தியுள்ளவன் அதில் ஒன்றைத்தான் எடுப்பான். வாங்குகிற பழைய கசெற்றுக்குள் செத்த பற்றரிதான் இருக்கும், திருத்த ஆள் தேட வேண்டும், அந்த ஆள் உங்கள் மூலையைக் குறட்டால் கிள்ளுவான். ஆகவே நண்பனுக்குச் சொன்னதில் மாற்றமில்லை. வாங்காதே.

ஆனால் போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ரேடியோ திருத்துகிற ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன். காலுள்ள பற்றரியை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்திருந்தேன், சாவியும் கூட. சி.ஆர். 2025: 20 மில்லிமீற்றர் அகலம், 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. மாற்றியதும் 2025இல்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, பத்து நிமிடத்தில் முடித்தார்.

"உள்ளுக்க என்ன கிடக்கு, தம்பி?"

"ஒன்றுமில்லை அண்ணை. எல்லாம் முதலே அழிஞ்சிட்டுது."

"பிறகேன் திருத்திறீர்?"

மச்சானுக்குப் படம் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. மூன்று நாள் கழித்து, "இது என்ர தானே?" என்று ஒரு குரல் செய்தி, பின்னால் அவன் பிள்ளைகள் சத்தம்.

சனிக்கிழமை விறாந்தையில் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அரைத் தூக்கத்தில் ஒரு குரல் நேரம் கேட்டது. சுவர் மணிக்கூட்டில் காலை 10.10. இப்போது வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம். 0.40 என்று வைத்தேன். வீட்டுக்குள் அம்மா கிழமை கேட்டார், சனி. கோடைகால நேரமா என்று கேட்டார். ஆம் என்று அழுத்தினேன்.